வாப்பா வுளு எடுத்த பனி

1

எங்கள் அடுக்குமாடியின் கீழ்வீட்டில் வயதான சுவீடன்காரி ஒருவர் தனியாக இருக்கிறார். அவருக்குத் துணை ஒரு நாய். நாயோடு நடக்கும்போது என்னைக் கண்டால் தலையசைப்பார். அதற்கு மேல் எங்களுக்குள் கதை கிடையாது. இந்த நாட்டில் அயலவர் என்றால் அவ்வளவுதான். ஆனால் போன வாரம் பஸ் தரிப்பிடத்தில் அவராகவே கிட்ட வந்து கேட்டார்.

"உன் தகப்பன் எங்கே? போன குளிர்காலம் வந்திருந்தாரே, சிவப்புத் தொப்பிக்காரர்?"

வாப்பா ஊருக்குப் போய்விட்டார், அங்கே மறுபடி கலியாணம் முடித்துவிட்டார் என்று சொல்ல நினைத்தேன். சுவீடன் மொழியில் கலியாணம் முடித்தவர் என்பதற்கும் நஞ்சு என்பதற்கும் ஒரே சொல். முன்னும் பின்னும் ஒட்டுகிற அசைகளில்தான் வித்தியாசம். எத்தனையோ வருடமாக இந்த மொழியில் வேலை செய்து, வரி கட்டி, பிள்ளையின் ஆசிரியர்களோடு வாதாடி வாழ்கிறவள் நான். அன்றைக்கென்று பார்த்து அந்த அசைகள் எனக்கு இடம் மாறிப் போயின.

"ஊரில் அவருக்கு நஞ்சு வைத்துவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டேன்.

அவருடைய கை வாய்க்குப் போனது. "பொலிசுக்கு அறிவித்தாயா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இல்லை இல்லை, கலியாணம், கலியாணம் என்று கையாலும் வாயாலும் திருத்தினேன். அவர் சிரித்த சிரிப்பில் நாய் மிரண்டு குரைத்தது. என் தோளைத் தட்டி, எவ்வளவு நல்ல செய்தி, தகப்பனுக்கு என் வாழ்த்தைச் சொல் என்றார். பஸ் வந்துவிட்டது.

ஜன்னலோரம் உட்கார்ந்து வேலைக்குப் போகிற வழி முழுக்க யோசித்தேன். பிழை விட்டது நாக்கு மட்டும்தானா?

2

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மன்னார் முசலிப் பக்கத்து ஆட்கள். தொண்ணூறில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் ஆயுதம் ஏந்திய இயக்கம் வெளியேறச் சொன்னபோது, வாப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு காட்டுவழியாகத் தெற்கே நடந்தார். நான் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தேன். மழைக்காலம். வாப்பாவின் ஈரத் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு வந்ததும், பின்னாலிருந்து உம்மா, "புள்ளட காலப் பாருங்க, முள்ளுக் கீறும்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்ததும்தான் எனக்கு ஞாபகம்.

புத்தளம் வந்து, முதலில் ஒரு பள்ளிவாசல் வளவிலும் பிறகு கரைத்தீவில் ஒரு கிடுகுக் கொட்டிலிலும் இருந்தோம். கொட்டில் மெல்ல மெல்லக் கல்வீடானது. வாப்பா கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போனார். கொஞ்சக் காலத்துக்குப் பிறகு சந்தியில் சைக்கிள் திருத்துகிற கடை போட்டார். நான் வளர்ந்ததும் படித்ததும் ரியாஸை நிக்காஹ் செய்ததும் அங்கேதான். பழைய புத்தளத்து ஆட்கள் கோபம் வந்தால் எங்களை "அகதி" என்பார்கள். பெருநாள் வந்தால் அதே வீடுகளிலிருந்து வட்டிலப்பம் வரும். எனக்கு இரண்டும் பழகிவிட்டது. வாப்பாவுக்கு முதலாவது கடைசி வரை பழகவில்லை.

ரியாஸின் உறவினர் ஒருவர் மூலம் நாங்கள் சுவீடனுக்கு வந்தோம். ரியாஸ் இரவில் ஒரு பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நான் பகலில் ஒரு முதியோர் இல்லத்தில். அவர் வந்து படுக்கும்போது நான் எழும்புவேன். ஒரே கட்டிலை முறை போட்டுப் பாவிக்கிறவர்கள் நாங்கள். மகள் ஹானா இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்பதெல்லாம் அவளுக்கு விளங்கும். பதில் மட்டும் சுவீடன் மொழியில் வரும். இப்போது பதிலும் குறைந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு காதில் எதையோ மாட்டிக்கொண்டிருக்கிற வயது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் உம்மா மௌத்தானார். எங்களில் மையித்தை வைத்திருப்பதில்லை. நான் இங்கே விமானச் சீட்டுக்காகத் தொலைபேசியில் காத்திருந்தபோதே அங்கே அடக்கம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வாப்பா தனியே. ஒவ்வொரு நாளும் பின்னேரம் எனக்குப் போன் எடுப்பார். என்ன கறி வைத்தார், யார் சைக்கிள் கொண்டுவந்தார்கள், களப்பில் காற்று எப்படி, பக்கத்து வீட்டு ஆடு எதைத் தின்றது, எல்லாம் சொல்வார். நான் பஸ்ஸில், கடையில், வேலையிடத்தின் உடுப்பு மாற்றும் அறையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவரைத் தனியே விடக்கூடாது என்று முடிவு செய்தேன். விசிட்டர் விசாவில் கூப்பிட்டேன். வந்ததும், அவரை என்னோடு நிரந்தரமாக வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு விண்ணப்பித்தேன். அவருக்கு ஊரில் கவனிக்க ஒருவரும் இல்லை என்று நானேதான் எழுதினேன். வாப்பாவிடம் கேட்டேனா என்றால், "வாப்பா, இங்கயே இருக்கலாம்தானே?" என்று கேட்டேன். "அல்லாஹ் நாடினா" என்றார். அதை நான் ஓம் என்று எடுத்துக்கொண்டேன்.

3

தை மாதத்தில் எங்களை நேர்முக விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் பெண் அதிகாரி. மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் வந்தார். குரலைக் கேட்டதும் தமிழ்நாட்டுக்காரர் என்று தெரிந்தது. மரியாதையான மனுசன். ஆனால் வாப்பாவின் தமிழ் அவருக்குப் பிடிபடவில்லை.

"உங்க மனைவி எங்க இருக்காங்க ஐயா?"

"அவ மௌத்தாப் போயிட்டா."

"எங்க போயிருக்காங்க?"

வாப்பா என்னைப் பார்த்தார். நான் குறுக்கே பேசக்கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். வாப்பா தொலைபேசியின் பக்கம் குனிந்து, "செத்துட்டா" என்றார். உம்மாவைப் பற்றி அந்தச் சொல்லை அவர் வாயில் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"உங்க ஊர்ல உங்களப் பாத்துக்க யாராவது இருக்காங்களா?"

வாப்பா தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"ஓம்."

"ஐயா, மன்னிக்கணும். ஆமாவா, இல்லையா?"

"ஓம் எண்டா ஓம்தான். ஆள் இரிக்கு."

அதிகாரி குனிந்து தட்டச்சு செய்தார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, "வாப்பா, ஏன் அப்பிடிச் சொன்னீங்க? இனி இவங்க தர மாட்டாங்க" என்றேன்.

"கேட்டாங்க. பொய் சொல்லேலுமா?"

"ஆரு வாப்பா இரிக்கு?"

அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் ரியாஸ் உறங்கிக்கொண்டிருப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் ஹானா. எங்கள் வீட்டில் ஒரு கதையைக் குரல் உயர்த்திக் கதைக்க இடம் கிடையாது. சனிக்கிழமை எனக்கு லீவு. காட்டுக்கு நடக்கப் போவோம் என்று வாப்பாவிடம் சொன்னேன்.

4

ஊரில் இருக்கிறவர்களுக்கு ஸ்னோவை எப்படி விளங்கப்படுத்துவது என்று எனக்கு இன்னும் தெரியாது. நம் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் தென்னோலையில் நிற்கிற ஈரம், சளி பிடிக்கும் என்று தலையில் துண்டைப் போடுகிற சங்கதி. இங்கே அது நிலத்தையே எடுத்து மறைத்துவிடும். எல்லாவற்றையும் விட முக்கியம், சத்தத்தை மறைத்துவிடும். ஸ்னோ விழுந்த காட்டில் நின்றால் காதில் பஞ்சு அடைத்தது போல இருக்கும். கடற்கரைக் காற்றுக்குள் பிறந்து வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு அந்த அமைதி முதலில் பயத்தைத்தான் தரும்.

வாப்பா கம்பளிக் காற்சட்டைக்கு மேல் சாரன் உடுத்திருந்தார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. தொழுகைத் தொப்பிக்கு மேல் ஹானாவின் பழைய சிவப்புக் கம்பளித் தொப்பி. கடைசித் தரிப்பில் இறங்கி, விறகுக் கொட்டில் ஒன்றைத் தாண்டி, பாதையில் ஏறினோம். இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள். நடுவில் அங்கங்கே வெள்ளைப் பட்டை மரங்கள். எங்களுக்கு முன் அன்றைக்கு ஒருவரும் நடந்திருக்கவில்லை. நான் முன்னால், அவர் பின்னால். கதைக்கத்தான் வந்தோம். கேட்டதெல்லாம் சப்பாத்தின் கீழ் பனி நொறுங்குகிற சத்தமும் வாப்பாவின் மூச்சும்தான்.

திடீரென்று என் ஜாக்கெட்டைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்.

"நில்லு மகள். கால் வைக்காத."

திரும்பினேன். முகம் வெளுத்திருந்தது. எனக்கு முன்னால் இருந்த மரங்களைக் காட்டினார். நாலைந்து மரங்களில் சிவப்புப் பிளாஸ்டிக் நாடா கட்டியிருந்தது.

யுத்தம் முடிந்த மறு வருடம், நான் இங்கே வருவதற்கு முன், வாப்பாவும் நானும் எங்கள் பழைய ஊரைப் பார்க்கப் போனோம். ஊர் இருந்த இடத்தில் காடு நின்றது. கிணற்றுக்கட்டை வைத்து எங்கள் வளவைக் கண்டுபிடித்தார். கிணற்றுக்கு அங்கால் மரத்துக்கு மரம் சிவப்பு நாடா. மண்டையோடு போட்ட பலகை. கண்ணிவெடி எடுக்கிற பொடியன் ஒருவன் கத்தினான். "ஐயா, வந்த காலடியிலயே மிதிச்சு வெளிய வாங்க!" வாப்பா என் கையைப் பிடித்து, எங்கள் காலடிகளைத் தேடித் தேடி மிதித்து வெளியே கூட்டி வந்தார். அதற்குப் பிறகு அவர் வடக்குக்குப் போகவில்லை. எங்கள் உறவினர் சிலர் திரும்பிப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். வாப்பாவும் வருவார் என்று பார்த்திருந்தார்கள். அவர் போகவில்லை.

"இது மரம் வெட்டுறதுக்கு அடையாளம் வாப்பா. எங்க மட்டும் வெட்டலாம் எண்டு கட்டியிரிக்கிறாங்க. வெடி இல்ல."

"எழுதியிரிக்கா?"

"எழுதல்ல."

"அப்ப எப்பிடித் தெரியும்?"

"இந்த நாட்டுல யுத்தம் நடக்கல்ல வாப்பா."

அவர் அதை யோசித்தார். பிறகு சரி நட என்று கையைக் காட்டினார். ஆனால் அதற்குப் பிறகு நான் வைத்த காலடிக்குள்தான் தன் காலை வைத்து வந்தார். எனக்கு அது தெரிந்ததும் எட்டிப் போடுவதை விட்டு, அவர் காலுக்கு எட்டுகிற மாதிரிக் கிட்டக் கிட்ட வைத்து நடந்தேன்.

ஒரு சமதரையில் மரப்பலகை வாங்கு இருந்தது. பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ குடித்தோம். சூரியன் மரங்களுக்குப் பின்னால் தாழ நின்றது. இங்கே குளிர்காலத்தில் அது உச்சிக்கு வருவதே இல்லை. லுஹருக்கு, மத்தியானத் தொழுகைக்கு, நேரம் வந்துவிட்டதா என்று கேட்டார். ஓம் என்றேன்.

"வுளு எடுக்கணும்."

தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவத் தண்ணீர் வேண்டும். எங்களிடம் இருந்தது தேத்தண்ணீர் மட்டும்.

"வீட்டுக்குப் போய் அடுத்த தொழுகையோட சேத்துத் தொழுவம் வாப்பா. இந்தக் குளிருல ஏலாது."

"தண்ணி இல்லாத இடமா இது? சுத்திவரத் தண்ணிதானே கிடக்கு."

குனிந்து இரண்டு கையிலும் பனியை அள்ளினார். தேய்த்தார். உருகி வடிந்த நீரைக் கைகளில் ஓடவிட்டு, மீண்டும் அள்ளி முகத்தில் தேய்த்தார். தாடியில் பனித்துகள்கள் ஒட்டி நின்றன. நடுக்கத்தில் பற்கள் அடித்துக்கொண்டன. கால் கழுவ நான் விடவில்லை. வீட்டில் வுளுவோடு சப்பாத்துப் போட்டவர்தானே, மேலால் ஈரக்கையால் தடவினால் போதும் என்றேன். கேட்டுக்கொண்டார். என் கழுத்துத் துணியை விரித்துக் கொடுத்தேன். தொழும்போது முகம் வைக்கிற கிப்லாத் திசையை என் போனில் பார்த்துச் சொன்னேன். அந்த மரங்களுக்கு நடுவில், சாரனும் சிவப்புத் தொப்பியுமாக வாப்பா தொழுதார். நான் காலைத் தட்டிச் சூடேற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதங்களில் நான் தொழாமல் விட்ட நாட்கள்தான் அதிகம்.

தொழுது முடித்ததும் எழும்பவில்லை. பக்கத்தில் இருந்த பனியைக் கையால் மெல்லத் தடவினார்.

"மகள், மையித்துத் தொழுகையில ஒரு துஆ இரிக்கு. நீங்க பொம்புளைகள், அந்த இடத்துல நிண்டிருக்க மாட்டீங்க."

"என்ன துஆ வாப்பா?"

"யா அல்லாஹ், இவரத் தண்ணியாலயும் ஸ்னோவாலயும் ஆலங்கட்டி மழையாலயும் கழுவிச் சுத்தமாக்கு எண்டு கேக்கிற. அரபியிலதான் ஓதுற. ஒருக்கா மௌலவி கருத்துச் சொன்னதால எனக்குத் தெரியும். உங்கட உம்மாக்கும் அதத்தான் ஓதினன். புத்தளத்து வெயில்ல, சட்டையெல்லாம் வேர்த்து ஒட்டிப் போய் நிண்டுகொண்டு, அவவ ஸ்னோவால கழுவு எண்டு கேட்டன். ஸ்னோ எண்டா என்னெண்டே எனக்குத் தெரியாது."

கையில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார்.

"இப்பதான் தெரியும். சரியான சுத்தம், என்ன?"

உம்மாவின் அடக்கம் பற்றி அன்றுவரை எனக்கு ஒருவரும் எதுவும் சொன்னதில்லை. நல்லபடி முடிந்தது என்று சொன்னார்கள். மழை இல்லை என்று சொன்னார்கள். வாப்பா அங்கே நின்று என்ன கேட்டார் என்று இரண்டு வருடம் கழித்து, உலகத்தின் இந்த மூலையில், பனியில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். அழுதேன். கண்ணீர் கன்னத்திலேயே குளிர்ந்து இழுத்தது. வாப்பா தடுக்கவில்லை. அழுது ஓயட்டும் என்று இருந்தார்.

அப்போதுதான் நான் கேட்டேன்.

"அண்டைக்கு அந்தக் கந்தோர்ல ஆள் இரிக்கு எண்டீங்களே. ஆரு அது?"

"ஜெஸீமா எண்டு ஒரு ஆள்."

"ஆரு ஜெஸீமா?"

"புத்தளத்து ஆள்தான். பெரிய பள்ளிவாசலுக்குப் பக்கத்துல. அவட மாப்பிள்ளை உப்பளத்துல வேலை செஞ்சவர், மௌத்து. சைக்கிள்ல போய்ப் புள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் குடுக்கிற. சைக்கிள் திருத்த வாறவ." கொஞ்சம் நிறுத்தினார். "போன வருஷம் எனக்கு டெங்கு வந்திச்சு."

"டெங்கா? எனக்குச் சொல்லல்ல!"

"ஆஸ்பத்திரியிலதான் இருந்தன். அவதான் ஆட்டோல கொண்டுபோய்ச் சேத்தவ. கஞ்சி கொண்டு வந்து தந்தவ. சேர் உங்களுக்கு ஆரு எண்டு நர்ஸ் கேட்டதுக்கு, சைக்கிள் கடைக்காரர் எண்டு சொன்னவ."

"நான் ஒவ்வொரு நாளும் கதைச்சேனே. ஆட்டப் பத்தியெல்லாம் சொன்னீங்களே."

"ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கொண்டுதான் ஆட்டப் பத்திச் சொன்னன். உனக்குச் சொல்லி என்ன செய்யிற மகள்? நீ அங்கயிருந்து என்ன செய்வாய்? பயந்துகொண்டு பஸ்ஸுல நிப்பாய்."

அவர் சொன்னது சரி. அதனால் கோபம் வந்தது.

"அப்ப, நிக்காஹ் முடிக்கப் போறீங்களா?"

"யோசனை இரிக்கு."

"உம்மா மௌத்தாகி எவ்வளவு காலம் வாப்பா!"

எழும்பி நடக்கத் தொடங்கினேன். வேகமாக நடந்தேன். எங்கே போகிறேன் என்று பார்க்கவில்லை. என் வேலையிடத்தில் எண்பது தாண்டிய கிழவனும் கிழவியும் இருக்கிறார்கள். போன கோடையில் அவர்கள் இரண்டு பேரும் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். கேக் வெட்டித் தட்டுகளில் வைத்துக் கொடுத்தது நான். எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினேன், கண்கூடக் கலங்கியது. என் சொந்த வாப்பா என்று வந்ததும் நான் ஏன் இப்படி ஓடுகிறேன்? நான் ஒரு விண்ணப்பம் முழுக்க அவருக்கு ஒருவரும் இல்லை என்று எழுதி வைத்திருந்தேன். அது பொய்யாகிப் போனது எனக்குச் சந்தோசமாக அல்லவா இருக்கவேண்டும்?

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் இல்லை.

"வாப்பா!"

பனி என் சத்தத்தை அங்கேயே தின்றுவிட்டது. ஓடினேன். சப்பாத்துக்குள் பனி போனது. வாப்பா அந்தச் சமதரையிலேயே நின்றுகொண்டிருந்தார். என் கழுத்துத் துணியை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"ஏன் வரல்ல?"

"நீ ஓடின ஓட்டத்துல காலடியெல்லாம் தூரத் தூர விழுந்திரிக்கு. எனக்கு எட்டல்ல" என்றார்.

அவர் கைகளைப் பிடித்தேன். மரக்கட்டை போல இருந்தன. என் கையுறைகளைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டேன். மாட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் சொன்னார்.

"கேளு மகள். அவட தம்பிமாருக்கு விருப்பமில்ல. அகதிக்கா குடுக்கிற எண்டு கேட்டாங்களாம். இவ்வளவு காலத்துக்குப் பிறகும். அதுக்கு அவ சொன்னாவாம், அவர் அகதி எண்டா நான் ஆரு, எனக்கும் வீட்டுல ஒருத்தரும் இல்லையே எண்டு." சிரித்தார். "ஆனா நான் இன்னும் சொல் குடுக்கல்ல. நீ வேணாம் எண்டா வேணாம். அதக் கேக்கத்தான் இங்க வந்தன். போன்ல கேக்கிற கதையா இது?"

என்னோடு இருப்பதற்காக வந்தார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி நடந்தோம். வெளிச்சம் மங்கத் தொடங்கிவிட்டது. நான் மறுபடி கிட்டக் கிட்டக் கால் வைத்தேன். விறகுக் கொட்டிலைத் தாண்டித் தரிப்பிடத்துக்கு வந்தோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரின் முகமும் தெரிந்தபோது கேட்டேன்.

"நிக்காஹ் எப்ப வைக்கிற?"

"நீ சொன்னாத்தான்."

"சொல்லிட்டன் வாப்பா."

அவர் என் கையுறை போட்ட கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

5

வாப்பா விசா முடியும்வரை நிற்கவில்லை. விண்ணப்பத்தை விலக்கிக்கொள்வதாக அதே மேசைக்குப் போய்ச் சொன்னோம். அதிகாரிப் பெண் காரணம் கேட்டார். நான் சொன்னதும் திரையிலிருந்து தலை நிமிர்த்தி வாப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் கட்டடத்தில் நான் கண்ட முதல் சிரிப்பு.

விமான நிலையத்துக்கு ஹானாவும் வந்தாள். எங்களில் பாட்டனை அப்பா என்றுதான் கூப்பிடுவோம். "அப்பா, அந்த லேடியோட போட்டோ அனுப்புங்க" என்று தமிழில் சொன்னாள். எனக்குத் தெரியாமல் இவளிடம் எப்போது சொன்னார்? கேட்டேன். எனக்கு முதலே தெரியும், அவர் போனை நான்தானே சரி பண்ணிக் கொடுத்தேன் என்று சுவீடன் மொழியில் பதில் வந்தது. காடு வரை நான் கூட்டிப்போய்க் கேட்டதை, கதவு சாத்திய அறைக்குள் அவர்கள் இரண்டு பேரும் எப்போதோ கதைத்து முடித்திருக்கிறார்கள். எந்த மொழியில் என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நிக்காஹ் பள்ளிவாசலில் சின்னதாக நடந்தது. வீடியோவில் பார்த்தேன். ஜெஸீமாவின் தம்பிமாரில் ஒருவர் வந்திருந்தார், மற்றவர் வரவில்லை. ஜெஸீமா பெரிய கண்ணாடி போட்ட, ஒல்லியான மனுசி. போனைக் கிட்டக் கொண்டுவந்து, "மகள், என்னச் சாச்சி எண்டு கூப்பிடணும் எண்டில்ல. உங்களுக்கு வாய்ல வாறதக் கூப்பிடுங்க" என்றார். வாயில் ஒன்றும் வரவில்லை. ஸலாம் மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, சின்னம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி, சாச்சி என்று வந்துவிட்டது.

வாப்பா நன்றாக இருக்கிறார். கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. சட்டைப் பொத்தான்கள் எல்லாம் இடத்தில் இருக்கின்றன. கடையை மத்தியானம் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு உறங்குகிறாராம். வடக்கிலிருந்து உறவினர் வந்து மறுபடி கூப்பிட்டதற்கு, "இனி நான் புத்தளத்து மாப்பிள்ளை" என்று சொல்லி அனுப்பினாராம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பகிடியை நான் சின்ன வயதிலும் கேட்டதில்லை.

எனக்கு இப்போதும் பின்னேரம் எடுக்கிறார். முன்போல ஒவ்வொரு நாளும் இல்லை. நேற்று வேலை முடிந்து, உடுப்பு மாற்றும் அறையில் நின்றபோது எடுத்தார். பின்னால் சட்டியில் எண்ணெய் பொரிகிற சத்தம். யாரோ பிள்ளைகள் ஓதுகிற சத்தம்.

"நல்லா இரிக்கிறியா மகள்?"

"ஓம் வாப்பா. நீங்க?"

"அல்ஹம்துலில்லாஹ். சரி மகள், வைக்கிறன். ஜெஸீமா சாப்பிடக் கூப்பிடுறா."

"ஆடு என்ன செய்யிது வாப்பா?" என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வைத்துவிட்டார்.

போனைப் பையில் போட்டு ஜாக்கெட்டை மாட்டினேன். வீட்டில் ரியாஸ் வேலைக்குப் போயிருப்பார். ஹானாவின் கதவு சாத்தியிருக்கும். அவ்வளவு காலமும் நான் வாப்பாவின் தனிமையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எண்ணியிருந்தேன். அவருக்காக நேரம் ஒதுக்கிக்கொண்டிருக்கிறேன் என்றுகூட எண்ணியிருந்தேன். என் தனிமையைத்தான் அவர் ஒவ்வொரு பின்னேரமும் வந்து கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருந்தார் என்று இப்போதுதான் தெரிகிறது.